தோட்டத்துக்கு ஒரு தனி நிரல்



இந்தியா, இலங்கை இரண்டின் வாழ்க்கைத்தரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெங்களூரில் கூடியிருக்கிறோம். பொருத்தமான ஊர்தான். 1931–32ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் நாட்டு வருமானத்தைக் கணக்கிட்ட வி.கே.ஆர்.வி. ராவ், 1972இல் சமூகப் பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை இங்கேதான் தொடங்கினார். ஆனால் நாட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டால் வாழ்க்கைத்தரம் தெரிந்துவிடாது. அதை உலகுக்கு உணர்த்தியதில் இலங்கைக்குப் பெரும்பங்கு உண்டு.

1979இல் பொருளியலாளர் மோரிஸ் டி. மோரிஸ் ஒரு குறியீட்டெண்ணை வெளியிட்டார். சிசு மரணம், ஒரு வயதைத் தாண்டிய குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு என்ற மூன்றே அளவுகள். பணத்துக்கு அதில் இடமில்லை. நூற்றுக்கு இலங்கை எண்பதைத் தாண்டியது, இந்தியா ஐம்பதை எட்டவில்லை. இரண்டும் அன்று ஏழை நாடுகள்தாம். 1931இலேயே வயது வந்தோர் வாக்குரிமை, நாற்பதுகளில் அரிசிப் பங்கீடு, கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி, போர் முடிந்ததும் மலேரியா ஒழிப்பு ஆகியவை இலங்கையின் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கின்றன. இதில் எனக்கு மறுப்பில்லை.

அந்த எண்பதில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, எவ்வளவு பங்கு என்பதுதான் என் கேள்வி. 1948இன் குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பின்னாலேயே வாக்கும் போனது. வாக்கில்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்ட எந்த அமைச்சர் மலையேறுவார்? தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். சிசு மரணத்திலும் எழுத்தறிவிலும் தோட்டங்கள் நாட்டின் சராசரிக்கு வெகுவாகப் பின்தங்கிக் கிடந்தன.

1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆடு மாடுகளைப் பிரிக்கிறவன்கூடக் குட்டி எது, தாய் எது என்று பார்ப்பான். தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். நம் கர்நாடகத்துக்கும் வந்தார்கள். தென் கன்னட மாவட்டத்தின் புத்தூர், சுள்ளியா பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டினார்கள்.

இரு நாட்டு வாழ்க்கையையும் உடம்பால் அறிந்தவர்கள் இவர்கள். அங்கும் தோட்ட வேலை, இங்கும் தோட்ட வேலை. வந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அங்கேயே தங்கியவர்களில் கடைசியாக எஞ்சியோர் அதற்கு 2003 வரை காத்திருந்தார்கள். குடியுரிமைக்கு மோரிஸின் எண்ணில் மதிப்பெண் கிடையாது.

இன்னொரு விசித்திரம். இலங்கைப் புள்ளிவிவரம் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தோட்டத்துப் பிள்ளையின் நிலையை அங்கே தனியாகப் பார்க்கலாம். நம்முடையது நகரம், கிராமம் என்பதோடு நின்றுவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்திலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் தென் கன்னடம். சுள்ளியாவின் ரப்பர்த் தொழிலாளி அந்தப் பெருமைக்குள் அடங்கி, கண்ணில் படாமல் போகிறார்.

எண்ணுக்குள் வாழ்க்கை மறைந்துபோகும் இந்தச் சிக்கல் பின்னாளைய பட்டியல்களிலும் தீரவில்லை. 2022இல் இலங்கையில் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. ஜனாதிபதியே நாட்டைவிட்டு ஓடினார். அதே 2022க்கான ஐ.நா. மனித மேம்பாட்டுப் பட்டியலில் இலங்கைக்கு 78ஆம் இடம், இந்தியாவுக்கு 134. கணக்கில் பிழையில்லை. ஆயுளும் பள்ளிப்படிப்பும் ஓராண்டு நெருக்கடியில் சரிந்துவிடுவதில்லை. இருந்தாலும் எந்த நாட்டில் வாழ்வது மேல் என்று கேட்பவருக்கு இந்தப் பட்டியலையே விடையாக நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

முதல் அமர்வில் கட்டுரை படிக்கவிருப்பவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு. யார் எந்த அட்டவணையைத் திரையில் காட்டினாலும், தோட்டத்துக்குத் தனி நிரல் எங்கே என்று கேட்பேன். இந்தியாவுக்கு அது இல்லையென்றால், அதைத் தயாரிக்க எந்தத் தோட்டத்தில் எத்தனை வீடுகளை நேரில் பார்க்க வேண்டும் என்பதை இந்த இரண்டு நாட்களுக்குள் முடிவு செய்வோம். அமர்வைத் தொடங்கலாம்.