நம்ம புள்ளைங்களோட லீவு

(வாணியம்பாடி காலனி ஒன்றில் நடந்த அம்பேத்கர் பிறந்த நாள் கூட்டத்தில், இரவுப் பள்ளி மாணவர்கள், பெற்றோர், இயக்கத் தோழர்கள் முன்னால் பேசியதன் எழுத்து வடிவம்)



'கோடை விடுமுறையில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் வாசிக்க வேண்டும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஆனால் அதில் ஒரு வார்த்தை நம்மைப் பார்த்து இளிக்கிறது. விடுமுறை. யாருக்கு விடுமுறை? ஊர்த்தெருப் பிள்ளைக்கு லீவு விட்டால் நீச்சல், கராத்தே, கம்ப்யூட்டர் வகுப்பு. நம்ம புள்ளைக்கு லீவு விட்டால்?

2003-ஆம் வருசம். ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள். ஏஜென்டு கொண்டுவந்து போட்ட மூட்டையை அவிழ்த்துப் போட்டு அம்மாவும் அக்காவும் ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நான் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். "கை சும்மாத்தானே கீது, நூலு கோத்துக் குடுடா" என்றாள் அம்மா. அதோடு என் லீவு முடிந்தது. ஜூன் மாதம் வரைக்கும் நூல் வெட்டினேன், கோத்தேன், தைத்ததை ஜோடி சேர்த்துக் கட்டினேன். அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. என் கைக்கு அன்றைக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையில்தான் நோட்டும் பேனாவும் வந்தது.

இது ஏதோ நம்ம வீட்டு வறுமைக் கதை என்று நினைக்காதீர்கள். இதற்குச் சட்டமே இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று நல்லபடியாக ஆரம்பித்தார்கள். கூடவே ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். ஆபத்தான தொழிலாக இல்லாவிட்டால், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும், விடுமுறையிலும், பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம். விடுமுறை என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது தோழர்களே!

இந்த யோசனை நமக்குப் புதுசா? 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன? அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பேர் வைத்து நாடே எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் போனது. போனதா? அரை நாளாக இருந்தது ஒன்றரை மாதமாக மாறி, நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். புள்ள ஸ்கூலுக்குத்தான் போவுதே, பாஸ் ஆவுதே? நான் வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா. அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நம்ம பக்கத்து அம்மா ஒருத்தர் நகை அடகு வைத்திருந்தார். வட்டி கட்ட முடியவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற மகன் பிரித்துப் படித்திருக்கிறான். 'பேங்க்ல பணம் கட்டச் சொல்றாங்கம்மா' என்றிருக்கிறான். கூலி வந்ததும் கட்டிக்கலாம் என்று இருந்துவிட்டார்கள். ஏலம் முடிந்த மூன்றாம் நாள் பணத்தோடு வந்தார்கள். கடைசிப் பத்தியில் தேதி இருந்தது. அந்தத் தேதி தாண்டினால் நகை ஏலம் என்று இருந்தது. நான் அந்தக் கடிதத்தைப் பையன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஓர் எழுத்து விடாமல் படித்தான். என்னடா புரிஞ்சது என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா அழவில்லை, அவனைத் திட்டவுமில்லை. 'நீயாவது படிச்சவன், நீயாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பி இருக்கக் கூடாதா' என்று என்னைக் கேட்டார். அந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியவன் நான்தான். இன்று வரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

எழுத்துக் கூட்டுவது வேறு. வாசிப்பது வேறு. பரீட்சைக்குக் கேள்வி பதில் மனப்பாடம் செய்தால் எழுத்துக் கூட்ட வரும். ஒரு பக்கத்தின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்று பிடிக்கிற மூச்சு, நிறைய வாசித்தால்தான் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் அந்த மூச்சு வராவிட்டால், ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் பிள்ளையைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். கட்டாயக் கல்விச் சட்டமும் பதினான்கு வயதோடு கையைக் கழுவிக்கொள்கிறது. வெளியே ஷூ கம்பெனி வண்டி காத்திருக்கிறது. ஒன்றரை மாதம் புத்தகத்தைத் தொடாத பிள்ளை ஜூன் மாதம் திணறினால், 'இதுங்களுக்கு மண்டையில ஏறாது' என்கிறார்கள். கோடையில் பிடித்த துருவுக்கு நம்ம பிறப்பைக் காரணம் காட்டுகிறார்கள்.

பாபாசாகேப் படித்தது மாளிகையில் இல்லை. பம்பாய் பரேலில் ஒரே அறை. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அதற்குள்தான். அப்பா ராம்ஜி நடுராத்திரி வரை விழித்திருந்து, இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்தார். மகன் கேட்ட புத்தகம் வாங்கக் காசில்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நின்றார். அவர்கள் நகையைக் கொடுத்தார்கள். அடகு வைத்துப் புத்தகம் வாங்கினார். புத்தகத்துக்காக நகை அடகுக்குப் போன வரலாறு நம்முடையது. வாசிக்காத கடிதத்தால் நகை ஏலத்துக்குப் போவதை நாம் ஏற்கலாமா?

பம்பாய் தூரம் என்றால், ரயிலேறி ஜோலார்பேட்டை தாண்டிக் கோலார் தங்கவயலுக்கு வாருங்கள். வடார்க்காட்டிலிருந்து போன நம்ம பாட்டன்மார்தான் அங்கே பூமிக்குள் இறங்கினார்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய பத்திரிகையை வாங்கியவர்கள் அவர்கள். 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகு அவர் எழுத்தைப் புத்தகமாக்கியது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. 1926-இலிருந்து அப்பாதுரையார் அந்தத் 'தமிழன்' பத்திரிகையைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கமெல்லாம் எங்கேயோ போனது. அந்தப் புத்தகங்கள் நம்மிடம் இருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? 'படிடா, படிடா' என்று மைக்கில் கத்தினால் ஒரு பிள்ளையும் படிக்காது. நான் யோசித்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, தைக்கிற இடத்திலேயே வாசிப்போம். கியூபாவில் சுருட்டுத் தொழிலாளர்கள் 1865-இலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கை சுருட்டுச் சுற்றும், ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து அவருக்குக் காசு கொடுத்தார்கள். நம்ம தெருவில் சாயங்காலம் பத்து அம்மாக்கள் ஒன்றாக உட்கார்ந்து தைக்கிறீர்கள். ஒரு மணி நேரம், ஒரு பிள்ளை மாற்றி ஒரு பிள்ளை உரக்க வாசிக்கட்டும். அந்த நேரத்துக்கு நூல் கோக்கப் பிள்ளை வராது. இரண்டு ஜோடி குறையும். இதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரம் இயக்கத் தோழர்கள் வந்து நூல் கோத்துக் கொடுங்கள். மேடையில் கை தட்டுகிற கைதானே, கோக்கட்டும்!

இரண்டாவது, பெண் பிள்ளைகள் பேரை முதலில் எழுதுங்கள். பையனாவது சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பக்கம் ஓடிவிடுவான். வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கோடை என்றால் தண்ணி, அடுப்பு, தையல். என் அக்கா என்னை விட நன்றாகப் படித்தவள். நான் இங்கே பேசுகிறேன், அவள் இப்போதும் தைக்கிறாள்.

மூன்றாவது, பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் கனத்த தத்துவத் தொகுதியைத் திணிக்காதீர்கள். பேய்க்கதை கேட்டால் பேய்க்கதை, காமிக்ஸ் கேட்டால் காமிக்ஸ். முடித்ததும் 'இதில் நீதி என்ன' என்று வாத்தியார் வேலை பார்க்காதீர்கள். பல்லு முளைத்த பிறகு கறி தானாகத் தின்னும். பாமாவின் 'கருக்கு'க்கும், நம்ம பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'க்கும் ஒருநாள் அதுவே வரும். புத்தகத்துக்குள்ளே தன் மண்ணையும் தன் ஜனத்தையும் பார்க்கிற நாள், ஒரு பிள்ளை வாழ்க்கையில் பெரிய நாள்.

நான்காவது, புத்தகத்துக்குக் காசு? ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் போகிறது. வாடகைக்கு இருக்கிறவன் கொடுக்கிற வாடகையிலும் அது இருக்கிறது. நூலகம் நமக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. சின்ன வயதில் நூலக அட்டை கேட்டுப் போன எனக்கு, ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கூட்டி வா என்றார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு ஆள் இல்லை. கடைசியில் தபால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து போட்டார். இந்தக் கோடையில் யார் யாருக்குக் கையெழுத்து வேண்டுமோ, நான் போடுகிறேன். அரசு வேலையில் இருக்கிற நம்ம ஆட்கள் எல்லாரும் போடுங்கள். பள்ளிகளுக்கு 2023-இலிருந்து 'வாசிப்பு இயக்கம்' என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. லீவில் அவற்றைப் பீரோவில் பூட்டி வைக்காமல் கொடுங்கள் என்று தலைமை ஆசிரியர்களிடம் போய்க் கேட்போம்.

தம்பிகளா, தங்கச்சிகளா, வாசித்தால் உடனே வேலை கிடைக்கும் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். வேலை கிடைத்தவன் நிலைமையைத்தான் கேட்டீர்களே. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்க வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். அதற்கு முன்னால் பயிற்சிக்கு, இந்தக் கோடையில் உங்களுக்குப் பிடித்த ஒரு கதையைக் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள்.

நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு வேப்பமரத்தடியில் ஆரம்பிப்போம். நான் நூல் கோக்க வருகிறேன். பழகின கைதான்.

ஜெய்பீம்.