கதையும் தற்செயலும்
(திருவேற்காட்டில் கதை எழுதும் இளைஞர்களிடையே பேசியதன் சுருக்கம்)



"உலகத்தில் தற்செயலாக எத்தனையோ நடக்கின்றனவே, அவற்றைக் கதையில் எழுதினால் மாத்திரம் ஏன் நம்ப மாட்டேனென்கிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். தற்செயல் உண்டு என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. 23 பேர் ஓரிடத்தில் கூடினால், அவர்களில் இருவருக்காவது பிறந்த நாள் ஒன்றாயிருக்கப் பாதிக்கு மேல் இடமுண்டு என்று கணக்குச் சொல்லுகிறது. இதில் விதியுமில்லை, தெய்வச் செயலுமில்லை. ஆனால், உலகத்தில் நடப்பதை யாரும் ஜோடிப்பதில்லை. கதையில் நடப்பதையோ ஆசிரியர் ஜோடிக்கிறார். ஆகவே அவரைக் காரணம் கேட்க வாசகனுக்குப் பாத்தியமுண்டு.

இந்த ஊர்க் கதையையே பாருங்கள். பெரிய புராணத்து மூர்க்க நாயனார் திருவேற்காட்டுக்காரர். அடியார்களுக்குச் சோறு போடச் சூதாடினார். முதலாட்டத்தில் தோற்றுப் பின்னாட்டங்களில் ஜெயித்தார் என்கிறார்கள். சரிசமமான இருவர் ஆடினால், குறித்த ஒருவரே தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயிப்பது 1,024-இல் ஒரு தடவைதான். "எல்லாம் சிவன் செயல்" என்று சேக்கிழார் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரே அப்படி விடவில்லை. நாயனார் சூதை முன்பே கற்றவர் என்றும், உள்ளூரில் எதிர்த்தாட ஆளில்லாததால் வெளியூர் போனார் என்றும் காரணம் வைக்கிறார். முதலில் தோற்பது எதிராளிக்கு ஆசை காட்டுகிற வித்தை என்பது சூதாடிகளைக் கண்டவர்களுக்குத் தெரியும்.

நிற்க, சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கோவலன் சிலம்பு விற்கப் போய், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே சிக்குகிறான். இது முன்வினை என்று நூலே சொல்லுகிறது. அந்தப் பேச்சை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறது. எப்படியெனில், பொருளிழந்தவன் நகையைத்தான் விற்பான். அவ்வளவு உயர்ந்த சிலம்பை வாங்க அரண்மனையால்தான் முடியும். அதற்கு அரண்மனைப் பொற்கொல்லனைத்தான் கேட்பான். அவன் திருடனாயிருந்ததொன்றே தற்செயல். அதுவும் கோவலனைக் காப்பாற்றவில்லை, கெடுத்தது.

1879-இல் வெளிவந்த, தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்திலோ, ஆண் வேடத்தில் கணவனைத் தேடிப் போகும் ஞானாம்பாளுக்கு யானை மாலையிட, அவள் அந்நாட்டுக்கே அரசாகிறாள். அங்கே சிறையிலிருந்த கணவனும் விடுபடுகிறான். அந்த யானைக்கு அத்தனை பேரில் அவளைத் தெரிந்ததெப்படி? ஆசிரியருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

துன்பத்தை உண்டாக்கும் தற்செயலை வாசகன் ஒப்புவான். துன்பத்தைத் தீர்க்க வரும் தற்செயலை ஒப்பமாட்டான். சிக்கல் வந்த பின் மனிதன் என்ன செய்கிறான் என்பதே கதை. யானையே தீர்த்துவிட்டால் மனிதனுக்கு அங்கே என்ன வேலை? கடன்காரன் வாசலில் நிற்கும்போது புதையல் கிடைத்ததென்று எழுதுகிறவர், கடன்பட்ட வாசகனைக் கை கட்டி உட்காரச் சொல்லுகிறார். விதியை நம்பச் சொல்லும் உபந்நியாசத்துக்கும் இதற்கும் வித்தியாசமென்ன?

பிரிந்துபோன அண்ணனும் தம்பியும் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் சந்திக்க வேண்டுமா? தம்பி அங்கே தினமும் பூ விற்பதாக முதல் அத்தியாயத்திலேயே எழுதிவையுங்கள். அண்ணன் அங்கே பஸ் மாறித்தான் தீரவேண்டுமென்று ஆக்குங்கள். "அச்சமயம் தற்செயலாக" என்று உங்கள் கையெழுத்துப் பிரதியில் எங்கெங்கே வருகிறதோ, அங்கெல்லாம் கோடிழுத்து, "இவன் இன்று இங்கே வருவானேன்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் முன்பக்கத்தில் சேருங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.