மெல்ல ஓடுவோம்; நெடிது ஓடுவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் நிகழும் இம்மேடையில், ஓட்டத்தைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். நான் விளையாட்டு வீரன் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கேட்டின் முன் அமர்ந்திருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் ஓடத் தெரியாத ஒருவன் ஓடக் கற்ற வரலாற்றைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நம்புகின்றேன்.

மும்பையில் வாழும் நம்மை ஓடத் தெரியாதவர் என்று எவரும் சொல்லார். மின்வண்டியைப் பிடிக்கத் தாதர் நிலையத்துப் படிகளில் ஓடாதவர் இந்த அவையில் யார் உளர்? ஆனால், அந்த ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டியில் ஏறியபின் மூச்சு அடங்குவதற்கோ பத்து நிமிடம் ஆகும். நீடித்து ஓடும் ஆற்றல் நமக்கு உண்டா என்பதே வினா.

எனக்கு இல்லை என்பதை ஒருநாள் மழை எனக்கு உணர்த்திற்று. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை நம்முள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மின்வண்டிகள் நின்றன, தொலைபேசிகள் ஊமையாயின. பாந்த்ராவில் இருந்த அலுவலகத்திலிருந்து செம்பூரை நோக்கி நடந்தே புறப்பட்டேன். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. வீட்டில் நோயுற்ற தாயாரும், மனைவியும், இரு சிறு குழந்தைகளும் இருளில் இருந்தனர். தாராவியைக் கடந்து சயானை அடையுமுன்னரே, இடுப்பளவு நீரில் மூச்சு இரைத்து, கால் துவண்டு, ஒரு கடைப்படியில் அமர்ந்துவிட்டேன். அவ்வழியே வந்த கல்லூரி மாணவர் இருவர், இன்னார் என்று கேளாமல், இருபுறமும் கைபிடித்து என்னை அழைத்துச் சென்றனர். விடியற்காலை நான்கு மணிக்கு வீடு சேர்ந்தேன். அவர்கள் வாராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை.

அடுத்த மாதமே ஓடத் தொடங்கினேன். நம் குடியிருப்பின் உட்சாலையில்தான். வாயிற்காவலர் பார்க்கின்றார், மேல்மாடியில் பல் துலக்கும் நண்பர் பார்க்கின்றார். அவர்கள் முன்னிலையில் மெதுவாக ஓடலாமா? மானம் போகாதா? ஆகவே, பாய்ந்து ஓடினேன். ஒரு சுற்றில் கண் இருண்டது. நான்காம் நாள் கணைக்காலில் வலி. ஐந்தாம் நாள் படுக்கை. ஓட்டம் நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டினேன். என்னைத் தோற்கடித்தது காலன்று. கூச்சமே என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அதனை எனக்கு அறிவித்தது நியூசிலாந்து நாட்டு ஆர்தர் லிடியார்டின் வரலாறு. ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். தம்மை வலிமையுடையவர் என்று எண்ணியிருந்தவர், நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடியபோது களைத்துப் போனார். நாணமுற்று விட்டுவிடாமல், தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிப் பல ஆண்டுகள் ஓடிப் பார்த்தார். நெடுந்தொலைவை நிதானமாக ஓடுவதே எல்லா ஓட்டத்திற்கும் அடித்தளம் என்பது அவர் கண்ட உண்மை. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் பீட்டர் சினெல் 800 மீட்டரிலும், மற்றொரு மாணவர் மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். ஹால்பர்க் இளமையில் நேர்ந்த விபத்தால் இடக்கை வலுவிழந்தவர். இரண்டு நிமிடத்திற்குள் முடியும் ஓட்டத்திற்காகச் சினெல் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் பயின்றார் என்றால் வியப்பன்றோ?

வீரர்களோடு லிடியார்டு நின்றுவிடவில்லை. இதயநோய் கண்டவர்களையும் நடுவயதினரையும் மெல்லோட்டம் ஓடச் செய்தார். 1962ஆம் ஆண்டில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மன் ஆக்லாந்துக்குச் சென்றார். எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவருடன் ஓடிய அவர், அம்முதியவருக்கு ஈடுகொடுக்க இயலாமல் திணறினாராம். ஊருக்குத் திரும்பியதும் அவரும் பொதுமக்களுக்கு மெல்லோட்டம் கற்பிக்கத் தொடங்கினார்.

மெல்ல ஓடுவதால் ஆற்றல் எவ்வாறு வளரும் என்று கேட்பீர்கள். நிதானமாக நெடுநேரம் ஓடும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தப் பழகுகின்றது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. உயிர்க்காற்றைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் திறன் ஓங்குகின்றது. ஆனால், இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும். மூச்சு இடம் கொடுக்கின்றதே என்று ஓட்டத்தை இரட்டிப்பவர்தாம் காலைப் பிடித்துக்கொண்டு அமர்கின்றனர். பதறாத காரியம் சிதறாது.

எனவே, தொடங்குவோர்க்கு நான் பின்பற்றிய முறையைக் கூறுகின்றேன். முதலில் ஐந்து நிமிடம் நடை. பின்பு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இவ்வாறு எட்டு முறை. வாரத்தில் மூன்று நாள் போதும். இடையிடையே ஒருநாள் ஓய்வு. வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது கூட்டி, நடையைச் சிறிது குறையுங்கள். பத்துப் பன்னிரண்டு வாரங்களில் அரைமணி நேரம் தொடர்ந்து ஓடலாம். ஒரு வாரம் கடினமாகத் தோன்றினால் அதே வாரத்தை மீண்டும் செய்யுங்கள், இழுக்கில்லை. வேகத்தை அளக்கக் கருவி வேண்டா. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம். பேச்சு அறுந்தால் வேகம் மிகுதி.

நம் கடற்கரை நகரின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. உடலின் சூடும் எளிதில் தணியாது. ஆதலால், மே மாதத்திலும் அக்டோபரிலும் விடியுமுன் ஓடுங்கள். வழக்கத்தினும் மெதுவாக ஓடுங்கள். நீரிழிவோ, குருதியழுத்தமோ, இதயக் கோளாறோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. மார்பு வலியோ மயக்கமோ கண்டால் அக்கணமே நின்று மருத்துவ உதவி நாடுக.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். என் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு, செருப்பை மட்டும் மாற்றி, ஓடும் காலணியுடன் தொடங்கினார். முதல் நாள் சன்னல்களில் சிரிப்பொலி கேட்டது. இன்று சிரித்தவர்களுள் மூவர் அவருடன் ஓடுகின்றனர். அவரோ என்னைவிட ஒரு சுற்று கூடுதலாக ஓடுகின்றார்!

நான் 2009ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை மாரத்தான் விழாவில் 21 கிலோமீட்டர் ஓடி முடித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர் மிகச் சிலரே. அதனால் எனக்குக் குறையொன்றுமில்லை. எவர் கையையும் பற்றாமல் எல்லையை அடைந்தேன்.

அன்பர்களே! வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நம் வாயிலருகே நிற்பேன். ஒரு நிமிடம் ஓடத் துணிந்தவர் எவரும் வரலாம். இன்னொரு பெருமழை நாள் வருமாயின், கடைப்படியில் களைத்து அமர்ந்திருக்கும் ஒருவருக்குக் கைகொடுப்பவராக நாம் இருத்தல் வேண்டும். அந்த மாணவர் இருவருக்கும் நான் பட்ட கடனைத் தீர்க்க வேறு வழி அறியேன்.