மாநகரும் புதியவர் பசியும்



காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளைப் பட்டினப்பாலை பாடிற்று. சென்னைக்கு வேலை தேடி வந்த இளைஞர்க்கு அட்டிற்சாலையாய் விளங்கியவை திருவல்லிக்கேணி மெஸ்கள். மேன்ஷனில் ஓர் அறை, மாதக்கணக்கில் சாப்பாடு. அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்று கேட்குமுன்னரே சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பது புதியவரின் முதற்பாடம். உங்களுள் சிலரும் அங்கு உண்டவர்கள்தாமே!

ஆனால், அம்மேன்ஷன்கள் ஆடவர்க்கே உரியவை. தனியே வந்த பெண் எங்கே உண்டாள்? விடுதி மணிக்குள் உண்டாள். தவறினால் ரொட்டியும் வாழைப்பழமும். ஓட்டலின் ‘ஃபேமிலி ரூம்’ திரைக்குப் பின்னே தனியொருத்தி அமர்ந்தாலும் பரிமாறுபவர் வியந்து நோக்குவார். நம் எழுத்தில் மெஸ் உண்டு. அவள் பசி அரிது.

2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி தந்தது. சமைத்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். நின்றுண்ணும் அக்கூடத்தில் தனியொருத்தியை எவரும் உற்று நோக்கவில்லை. அவளைப் பற்றிய கவிதை ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்.