விடுமுறை வகுப்பு: வந்தவர்களை மட்டும் எண்ணினால் போதுமா?

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





கல்விக் குழு என்றதும் பேராசிரியர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எங்களில் பலர் டிப்ளோமா முடித்துவிட்டு வியாபாரத்தில் இறங்கியவர்கள். ஆண்டு முடிந்தால் சரக்கை எண்ணிப் பார்ப்பது எங்கள் பழக்கம். எது விற்றது, எது அலமாரியில் தூசு பிடித்துக் கிடக்கிறது என்று பார்க்காமல் புதுச் சரக்கு எடுக்க மாட்டோம். பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் ஆயத்த வகுப்பைப் பொன்விழா நிதியிலிருந்து இரண்டு மடங்காக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம் என்கிறோம்.

ஜனவரியில் சாதாரணநிலைத் தேர்வு முடிவு வருகிறது. ஏப்ரல் நடுவில் கல்லூரி திறக்கிறது. இடையில் இருக்கும் வார இறுதிகளில் நம் மண்டபத்தில் கணிதமும் ஆங்கிலமும் நடக்கின்றன. வந்த பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், பிறகென்ன கணக்கு என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். சனிக்கிழமை காலையில் பிள்ளையை எழுப்பி, சாப்பாடு கொடுத்து, ரயிலில் ஏற்றி அனுப்பும் அம்மா இருக்கும் வீட்டிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறார்கள். அந்தப் பிள்ளை நம் வகுப்பு இல்லாவிட்டாலும் தேறியிருக்கக்கூடும். வராத பிள்ளை எங்கே? அண்மை ஆண்டுகளில் ரமலான் மாதம் இந்த இடைவெளியில்தான் வருகிறது. கேலாங் சிராய் நோன்புச் சந்தையில் ஏதாவது ஒரு கடையில் அவன் நின்றுகொண்டிருப்பான். சோம்பேறி அல்லன். வீட்டுக்கு அந்தப் பணம் தேவை. அவனையும் சேர்த்து எண்ணாமல் வகுப்பின் பலனைச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இதைச் சரியாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2009 கோடையில் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டுக் கல்லூரிகள், பள்ளி முடித்து வரும் பின்தங்கிய மாணவர்களுக்கு நான்கைந்து வார ஆயத்த வகுப்பு நடத்தின. பெயர் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 1,300 பேர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை வகுப்பில் சேர்த்தார்கள். மற்றவர்கள் கல்லூரியில் வழக்கமாகக் கிடைக்கும் உதவிகளோடு இருந்தார்கள். இரு தரப்பினரும் விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள்தாம். ஆகவே ஆர்வம் உள்ளவன், இல்லாதவன் என்ற வேறுபாடு அடிபட்டுப் போகிறது. வகுப்பை முடித்தவர்களுக்கு 400 டாலர் வரை உதவித்தொகையும் கொடுத்தார்கள். (கேலாங் சிராய்க் கடையோடு போட்டி போட வேண்டுமானால் நாமும் இதை யோசிக்க வேண்டும்!)

முடிவு என்ன? வகுப்புக்குப் போனவர்கள் முதல் கல்லூரிக் கணிதப் பாடத்திலும் எழுத்துப் பாடத்திலும் முந்தித் தேறினார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் மற்றவர்கள் அவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். கல்லூரியில் நிலைத்திருப்பதிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

வகுப்பு வீண் என்று இதைப் படிக்கக் கூடாது. வண்டியைத் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்கும். மேடு வந்தால் தள்ளிவிட்ட வேகம் போதாது. நமது கல்லூரிகளில் அந்த மேடு எங்கே வருகிறது என்று அங்கே படித்த எங்களுக்குத் தெரியும். பொறியியல் பிரிவில் முதல் ஆண்டுக் கணிதம், கூடுதல் கணிதம் படிக்காமல் வந்த பிள்ளையை மே மாதத்திலேயே மூச்சுத் திணற வைக்கும். மடக்கையும் முக்கோணவியலும் ஆறு வார இறுதிகளில் புதிதாகப் பிடிபடும் சமாச்சாரம் அல்ல. கல்வி அமைச்சே 2013 முதல் வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவில் சிறப்பாகத் தேறியவர்களுக்கு அடித்தளத் திட்டம் நடத்துகிறதே, அதற்கு ஓராண்டு முழுவதும் ஒதுக்கியிருக்கிறது. நாம் ஆறு வாரத்தில் முடித்துவிடுவோம் என்றால் எப்படி?

தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போகும் தம்பிகளின் கதை வேறு. அவர்களுக்குக் கணிதம் தெரியும். இரண்டு ஆண்டுகளில் துருப்பிடித்துவிட்டது, அவ்வளவுதான். ஆகஸ்டில் பாடம் தொடங்குமுன் சில வாரங்கள் தேய்த்தால் பளபளத்துவிடும். மறந்ததை நினைவூட்டக் குறுகிய வகுப்பு போதும். கற்காததைக் கற்பிக்க அது போதாது. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

இன்னொரு செய்தி. 1970களின் பிற்பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் இடறுகிறார்கள் என்று பார்க்கப் போனார். அவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். தனித்தனியே அறையில் உட்கார்ந்து படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ கூடிப் படித்தார்கள், ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்தார்கள். டிரைஸ்மன் ஆரம்பித்த பட்டறையில் எளிய கணக்குகளைக் கொடுக்கவில்லை; கடினமானவற்றைக் கொடுத்துக் கூடிப் போடச் சொன்னார். அதுவும் விடுமுறையில் அல்ல, கல்லூரி நடக்கும்போதே. பலன் நன்றாக இருந்தது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். கேட்கப்படும் தொகையில் பாதியை விடுமுறை வகுப்புக்கு வையுங்கள். மீதியைக் கொண்டு மே முதல் ஆகஸ்டு வரை சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மண்டபத்தைத் திறந்து வைப்போம். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் இருப்பார்கள். சந்தையில் வேலை பார்த்ததால் விடுமுறை வகுப்புக்கு வராத பிள்ளைக்கும் அங்கே ஒரு நாற்காலி இருக்கும். தஞ்சோங் பகாரில் நம்மவர்கள் உமறுப்புலவர் பெயரில் 1946இல் தமிழ்ப் பள்ளி தொடங்கியபோது, அது வருடம் முழுவதும் நடக்கும் பள்ளியாகத்தான் இருந்தது.

விடுமுறை வகுப்பில் இடத்தைவிடப் பெயர்கள் கூடினால் சீட்டுக் குலுக்குவோம். முகம் பார்த்துக் கொடுத்தார்கள் என்ற பேச்சு வராது. நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் தம்முடன் வரும் மனைவி யார் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்ததை ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் இருவரையும் ஓராண்டு கழித்து விசாரித்தால் வகுப்பின் உண்மையான பலன் தெரியத் தொடங்கும். ஒரே ஆண்டில் தெரியாது. இருபது முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. நாலைந்து ஆண்டு ஏடு சேர வேண்டும்.

அந்த ஏட்டில் நான்கே கேள்விகள்: முதல் பருவக் கணிதம் தேறியதா, சேர்ந்த பிரிவிலேயே இருக்கிறாரா, இரண்டாம் ஆண்டுக்குப் போனாரா, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருந்ததா. பெயர் கொடுத்து வராதவருக்கும் பாதியில் நின்றவருக்கும் அதே ஏட்டில் இடம் உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. செப்டம்பர் மாதம் எங்கள் குழுவிலிருந்து தொலைபேசி வரும். பிள்ளை ஒரு பாடத்தில் தவறியிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். வெட்கப்பட்டு, “நல்லாப் படிக்கிறான் தம்பி” என்று வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயர்கள் குழுவுக்கு வெளியே போகா. எந்த வாரத்தில் எந்தப் பாடத்துக்கு ஆள் போட வேண்டும் என்பதை அந்த அழைப்பை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்யப் போகிறோம். எண் மாறியிருந்தால் வாசலில் உள்ள மேசையில் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.