இடது காலுக்கும் வேலை கொடுப்போம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



'நம் சாலைகளில் நான் கண்டவை' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து வேலைக்குப் போகிறவளுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா? சிலர் வளைந்து திரும்பிய பிறகுதான் சிக்னல் போடுகிறார்கள். மழை வந்து விட்டால் போதும், ஓடுகிற காரிலேயே நான்கு விளக்குகளையும் மின்ன விடுகிறார்கள். பின்னால் வருபவருக்கு, இவர் திரும்புகிறாரா, நின்று விட்டாரா என்றே தெரியாது. பின் இருக்கையிலும் வார் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009 ஜனவரியில் வந்தது. இன்னும் நம் பாட்டிமார்கள், "பின்னால உட்கார்ந்தா எதுக்கு?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஊரார் குறையைச் சொன்னது போதும், என் குறைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது டி.ஏ. லைசென்ஸ். அதாவது, ஆட்டோ கியர் கார் மட்டுமே நான் ஓட்டலாம். மேனுவல் கார் ஓட்ட டி லைசென்ஸ் வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் பயிற்சிப் பள்ளியில் எது வேண்டும் என்று கேட்டபோது, "சுலபமானதைக் கொடுங்கள்" என்றேன். நெரிசலில் நிமிடத்திற்கு நாலு முறை கிளட்ச் மிதிக்க யாருக்கு ஆசை?

சென்ற ஆண்டு பேராக்கில் இருக்கும் என் பெற்றோர் வீட்டிற்கு ரயிலில் போயிருந்தேன். நள்ளிரவில் அப்பா வயிற்று வலியால் துடித்தார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாசலில் அப்பாவின் பழைய கஞ்சில் நிற்கிறது. மேனுவல் கார். சாவி என் கையில், லைசென்ஸ் என் பையில். ஆனால் காரை அசைக்க எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரைத் தட்டி எழுப்பினேன். அவர் தூக்கக் கலக்கத்தோடு சட்டையை மாட்டிக் கொண்டு வந்து, எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குடல்வால் அழற்சி. மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது.

வீடு திரும்பியதும் அப்பா சொன்னார்: "டிவியில ஊருக்கெல்லாம் புத்தி சொல்றே. அப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத் தெரியலையேம்மா." அவர் சிரித்துக் கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது மறுபடியும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறேன். மேட்டில் நிறுத்தி எடுப்பதுதான் பெரிய சோதனை. கிளட்சைப் பாதி விட்டு, எண்ணெயை மெல்ல மிதித்து, கார் முன்னால் இழுப்பது தெரிந்த பிறகே ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் எஞ்சின் செத்து விடும். முதல் நாள் ஏழு முறை செத்தது!

ஆனால் ஒன்று புரிந்தது. ஆட்டோவில் கார் என்னைச் சுமந்து போனது. மேனுவலில்தான் எஞ்சின் சத்தத்தையே காது கொடுத்துக் கேட்கிறேன். கெந்திங் மலை இறக்கத்தில் 'குறைந்த கியரைப் பயன்படுத்துங்கள்' என்று மலாயில் எழுதிய பலகைகளை எத்தனை முறை கடந்திருப்பேன்! பிரேக்கையே தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். குறைந்த கியரில் எஞ்சினே வேகத்தை அடக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. ஆட்டோ காரிலும் குறைந்த கியருக்கு மாற்ற வழி இருக்கிறது. நாம்தான் 'டி'யைத் தவிர வேறு எழுத்தைப் பார்ப்பதில்லை. 2013 ஆகஸ்டில் அந்த மலைச்சாலையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். இறக்கம் விளையாட்டல்ல.

நேயர்களே, எல்லாரும் மேனுவல் கார் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: வாசலில் நிற்கும் காரை, அதை வழக்கமாக ஓட்டுபவர் படுத்து விட்டால், வேறு யார் எடுப்பார்? பதில் இல்லையென்றால், என்னைப் போல் வரிசையில் வந்து நில்லுங்கள்.

அடுத்த மாதம் எனக்குத் தேர்வு. தேறினால், முதல் பயணம் அப்பாவின் கஞ்சிலில்தான். பக்கத்து வீட்டுப் பெரியவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பின் இருக்கையில், வார் அணிந்து கொண்டுதான்!