சுவடியிலிருந்து செவிக்கு: அறக்கட்டளை நூலகத்தில் மழலையர் கதைநேரம்
(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அருகநெறி இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு. பசித்தார்க்கு ஆகார தானம். பிணியுற்றார்க்கு ஔடத தானம். அஞ்சினார்க்கு அபய தானம். அறிவு வேண்டினார்க்குச் சாத்திர தானம். உணவுக்கும் மருந்துக்கும் நிகராக நூலை வைத்து எண்ணிய நெறி இது. ஓலைச்சுவடிகளைப் படியெடுப்பித்து வழங்கியோர் இம்மரபில் பலர். மேல்சித்தாமூர் மடத்துச் சுவடிகள் அத்தகைய கொடையின் எச்சங்களே.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. எழுத்தறியாத மூன்று வயதுக் குழந்தைக்குச் சாத்திர தானம் செய்வது எங்ஙனம்?

இவ்வினாவுக்குரிய விடை சுருத பஞ்சமியின் வரலாற்றிலேயே உள்ளது. கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த முதுமுனிவர் தரசேனர், வாய்மொழியாக வந்த ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடுமோ எனக் கவன்றார். புட்பதந்தர், பூதபலி என்னும் இரு துறவியரை வரவழைத்து அவர்தம் செவியில் அதனை ஓதினார். அவ்விருவரும் பின்னர் அதனை எழுத்தில் வடித்தனர். அதுவே சட்கண்டாகமம். அந்நூல் நிறைவுற்ற நாளே நூல்களை வழிபடும் இத்திருநாளாயிற்று. வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து ஏட்டுக்கும் அறிவு சென்ற வழி அது. மழலையர்க்கோ அவ்வழியை மாற்றி நடத்தல் வேண்டும். ஏட்டில் உள்ளது வாய்க்கு வந்து, வாயிலிருந்து செவிக்குச் செல்ல வேண்டும். அதற்குப் பெயரே கதைநேரம்.

பூட்டிய அலமாரி

இன்று ஊர்தோறும் சினாலயத்தை ஒட்டிய கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரியைக் காணலாம். ஸ்ரீபுராணமும் மேருமந்தர புராணமும் சீவக சிந்தாமணியும் நாலடியாரும் அதனுள் உறங்கும். ஆண்டுக்கொருமுறை அலமாரி திறக்கப்படும், நூல்கள் துடைக்கப்படும், சந்தனமும் மலரும் சாத்தப்படும், மறுநாள் மீண்டும் பூட்டப்படும். வழிபாடு குறைவின்றி நிகழ்கின்றது. வாசிப்போர் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் குறைகின்றது.

முன்னாளில் இக்குறையை ஈடுசெய்தவர்கள் பாட்டியர். நூலைத் தொட்டறியாத மூதாட்டியும் ஆதிநாதர் கதையை அறிந்திருந்தாள். திண்ணையில் பேரன் பேத்தியர்க்குச் சோறூட்டும்போதே சொன்னாள். இன்று பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்தனர். பாட்டி ஊரில் தனித்திருக்கிறாள். பேரனோ அடுக்குமாடி வீட்டில் கைப்பேசியோடு இருக்கிறான். எண்ணிக்கையில் சிறியதொரு சமூகத்தில் ஒரு தலைமுறை கதை கேளாது வளர்ந்தால், அடுத்த தலைமுறைக்குச் சொல்லுவாரே இரார். தரசேனர் கவன்ற கவலை இதுவே அன்றோ?

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ். ஆர். அரங்கநாதன் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பொறுப்பேற்றவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உரியவை என்னும் கருத்தினது. காத்து வைப்பதற்காகவே நூலகம் என்னும் எண்ணத்தை அவ்விதி ஒரே அடியில் அகற்றியது. அதன்படி நோக்கின், பூட்டிய அலமாரி ஒரு பேழையே, நூலகம் ஆகாது.

பொருள் ஒன்று, கதை சில

மழலையர் கதைநேரம் என்பது வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பொழுது போக்குவதன்று. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருளைத் தேர்ந்து, கதை, பாட்டு, விளையாட்டு, கைவேலை ஆகிய அனைத்தையும் அப்பொருளைச் சுற்றி அமைத்தல் வேண்டும். யானை என்பது பொருளாயின் கதையிலும் யானை, பாட்டிலும் யானை, தாளில் வரைவதும் யானை. ஒரே பொருள் பலவாறு திரும்பி வரும்போது அதற்குரிய சொற்கள் குழந்தையின் நெஞ்சில் தாமே பதியும். துதிக்கை, தந்தம், பாகன், பிளிறல் என்னும் சொற்களை ஒருவரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர்க்கு அரைமணி நேரம் போதும். தொடக்கத்தில் எப்போதும் ஒரே வரவேற்புப் பாட்டைப் பாடுவது நன்று. அது கேட்டவுடன் குழந்தை கதை கேட்க ஆயத்தமாகும். கவனம் புதிதாக இருக்கையில் நீண்ட கதையை முதலில் சொல்ல வேண்டும். அடுத்து எழுந்து ஆடும் கைவீசுப் பாட்டு ஒன்று, பின்னர்ச் சிறுகதை ஒன்று, இறுதியில் கைவேலை. முடிவில் குழந்தை ஒரு நூலைத் தன் கையால் தேர்ந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லல் வேண்டும். இவ்விறுதிப் பகுதி இல்லையேல் கதைநேரம் நிகழ்ச்சியாக நின்றுவிடும். நூலகப் பழக்கமாக வளராது.

ஆண்டுக்கான பொருள்கள்

பொருள்களைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பருவங்களும் திருநாள்களும் தாமே அவற்றைத் தருகின்றன.

சுருத பஞ்சமிக்கு உரிய பொருள் எழுத்து. ஆதிநாதர் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது ஆதிபுராண வரலாறு. பெண்மக்கள் இருவர்க்குத் தந்தை கற்பிக்கும் இக்கதை சிறுமியர்க்குத் தரும் பெருமிதம் சிறிதன்று. மதுரையை அடுத்த மாங்குளம் போன்ற சமணக் குகைகளில் உள்ள பழந்தமிழ் எழுத்துகளுள் 'க்' என்பது கூட்டல் குறிபோல இருக்கும். அதனை மணலில் வரையச் சொன்னால் எழுதத் தெரியாத குழந்தையும் ஈராயிரம் ஆண்டு முற்பட்ட எழுத்தொன்றை எழுதிவிடும்.

நாவற்பழக் காலத்தில் ஆறு வழிப்போக்கர் கதை. பசித்து வந்த அறுவருள் ஒருவன் நாவல் மரத்தை வேரோடு வெட்டுவோம் என்றான். ஒருவன் பெருங்கிளையை என்றான். ஒருவன் சிறுகிளையை என்றான். ஒருவன் கொத்துகளை என்றான். ஒருவன் பழங்களை மட்டும் பறிப்போம் என்றான். அறுவரில் கடையவன் கீழே உதிர்ந்தவையே போதும் என்றான். உயிரின் இலேசியைகளை விளக்க முன்னோர் சொன்ன கதை இது. இலேசியை என்னும் சொல்லே குழந்தைக்கு வேண்டா. கறுப்பு முதல் வெள்ளை வரை ஆறு வண்ணத் துணிகளை ஆறு குழந்தைகளுக்குப் போர்த்தி நடிக்கச் செய்தால் போதும்.

ஆடி மாதத்தில் மழையும் சிற்றுயிரும். மழைக்காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர் பெருகுதலால் அவை மிதிபடாதிருக்க முனிவர்கள் ஓரிடத்தில் தங்குவர். சாதுர்மாச நெறியின் இக்காரணத்தைச் சொல்லி, எறும்பு, நத்தை, மண்புழு ஆகியவற்றின் கதைகளைச் சேர்க்கலாம். அன்று வீடு திரும்பும் குழந்தை தரை பார்த்து நடக்கும்.

ஐப்பசியில் விளக்கு. வர்த்தமானர் வீடுபேறு எய்திய நாளில் ஏற்றப்பட்ட விளக்கொளியே தீபாவளி என்பது சமண மரபு. தையில் கரும்பு. உழவையும் எழுத்தையும் பிற தொழில்களையும் மக்களுக்குக் கற்பித்த ஆதிநாதர், துறவு பூண்டபின் ஓராண்டளவு உணவின்றி நடந்தார். யானையும் குதிரையும் மணியும் பொன்னும் கொண்டுவந்து நீட்டினரேயன்றி, ஒருவர்க்கும் சோறளிக்கத் தோன்றவில்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்சனே கரும்புச்சாறு அளித்தான். பசித்தவர்க்கு யானையை நீட்டுவதைக் கேட்டுச் சிரிக்காத குழந்தை உண்டோ? சிரித்தபின் எது கொடை என்பது அதற்குத் தானே விளங்கும்.

குளம் என்னும் பொருளுக்குச் சித்தன்னவாசல் ஓவியம் துணையாகும். தாமரைக்குளத்தில் மீனும் பறவையும் யானையும் திகழ, மலர் கொய்வாரும் அங்கே உளர். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. படக்கதை நூல் அச்சாவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே இம்மரபினர் அண்ணாந்து பார்த்துப் படக்கதை கேட்டனர். அவ்வோவியங்களின் படிகளைக் காட்டிக் கதை சொல்லுதல் புதுமையன்று, பழமையின் மீட்சியே.

எதனைச் சொல்வது, எதனை நிறுத்துவது

பெருங்காப்பியங்களில் உள்ள யாவும் மழலையர்க்கு உரியன அல்ல. யசோதர காவியம் அரிய நூல். எனினும் நஞ்சும் கொலையும் பிறவித்தொடரும் நிறைந்த அதனைப் பன்னிரண்டு வயதுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் விசயை விண்ணேறிச் செல்வாள். அப்பொறி இறங்கிய இடுகாட்டை நான்கு வயதுக் குழந்தை அறிய வேண்டியதில்லை. மயில் பறந்ததே அதற்குப் போதும். அடியுண்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிக் கைம்மாறு செய்த கதையை ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்குச் சொல்லலாம். அவ்விடத்தும் அடித்ததை ஒரு சொல்லாலும், அருகில் அமர்ந்து தேற்றியதைப் பல சொல்லாலும் கூறுவதே முறை. கதையைச் சிதைப்பதன்று இது. வயதுக்கேற்ற அளவில் பகிர்வது.

யானையைத் தடவிப் பார்த்த அறுவர் கதையிலும் ஒரு கருத்து உண்டு. பார்வையற்றோரை நகைப்புக்குரியோராகக் காட்டுதல் தகாது. குழந்தைகளின் கண்களைத் துணியால் கட்டி, பெரியதொரு பொருளின் வெவ்வேறு பகுதிகளைத் தொடச் செய்து, ஒவ்வொருவரும் உணர்ந்ததைச் சொல்லச் செய்தால் அனேகாந்தம் என்னும் பெரும்பொருள் விளையாட்டாகவே கைவரும்.

மற்றொன்று: கதை முடிவில் நீதியைத் தனியே எடுத்தோதும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். நாவல் மரக்கதை முடிந்ததும், "இதனால் அறியப்படுவது" எனத் தொடங்கின் குழந்தை வாயிலை நோக்கும். "நீ அங்கிருந்தால் என்ன செய்வாய்?" என வினவின் கதையின் உள்ளே நோக்கும். குசராத்தின் பாவநகரில் 1920இல் பாலமந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, அடங்காத வகுப்பையும் கதையால் வயப்படுத்தலாம் என்பதைத் தம் 'பகற்கனவு' நூலில் காட்டியவர். பிரம்பும் உரத்த குரலும் அவருக்குத் தேவைப்படவில்லை. அகிம்சையைப் போதிக்கும் கூடத்தில் குழந்தையை அதட்டி அமர்த்துதல் முரணன்றோ? ஓடித்திரியும் குழந்தை ஓடட்டும். கதை சுவையானால் அதுவே திரும்பி வரும்.

யாவர்க்கும் திறந்த வாயில்

இக்கதைநேரம் சமணக் குழந்தைகளுக்கு மட்டும் உரியதா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். பள்ளிக்கூடம் என்னும் சொல்லே சமணப் பள்ளியிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. அடுத்த தெருக் குழந்தையைத் தடுக்கும் கூடம் அப்பெயருக்கு உரியதாகாது. சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையருக்குக் கும்பகோணத்துச் சமணர்கள் ஐயம் அகற்றி உதவினர். 1887இல் அந்நூல் அச்சேறித் தமிழுலகுக்கே உரியதாயிற்று. பிறர்க்குச் சொன்னதால் அக்கதை தேயவில்லை, வாழ்ந்தது.

மொழியும் அவ்வாறே. சென்னையில் ஒரு குழந்தை வீட்டில் மார்வாடியும், தெருவில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும் பேசும். வேறொன்று தமிழ் மட்டுமே அறியும். கதையைத் தூய எளிய தமிழில் நிறுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை எம்மொழியில் விடை கூறினும் முகமலர்ந்து ஏற்க வேண்டும்.

இவற்றுக்கு வேண்டிய பொருட்செலவு மிகச் சிறிது. ஒரு பாய், படங்கள் பெரிதாக உள்ள சில நூல்கள், வண்ணத்தாள். கதை சொல்வோர் முதல்நாள் அந்நூலை வாய்விட்டு இருமுறை படித்திருத்தல் வேண்டும். எந்நாளில் எப்பொருள் எடுக்கப்பட்டது, எக்கதையில் குழந்தைகள் ஒன்றினர், எதில் சோர்ந்தனர் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் அடுத்த ஆண்டுக்கு வழிகாட்டும். ஊரில் தனித்திருக்கும் பாட்டியரை மாதம் ஒருமுறை அழைத்துச் சொல்லச் செய்தால் அறுந்த இழை மீண்டும் முடியப்படும். எடுத்துச் சென்ற நூல் கிழிந்து வரலாம். அதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ளுதல் கூடாது. ஒட்டிப் பழுதுபார்க்கும் வேலையையும் அக்குழந்தையோடு சேர்ந்தே செய்யலாம். பயன்படுத்தி, பேணி, பிறர்க்காகத் திருப்பித் தருதல் என்னும் இப்பழக்கமே மிகுபொருள் விரும்பாமையின் முதற்பாடம்.

தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் பன்னிரு கோட்டங்கள் உண்டென்றும், தேவரும் மாந்தரும் விலங்கும் அங்கே அச்சமின்றி அமர்ந்தனர் என்றும், இறைவனின் திவ்வியத்தொனி அவரவர் மொழியில் அவரவர்க்கு விளங்கிற்று என்றும் நூல்கள் நவிலும். அஞ்சாமல் அமர்தலும் தத்தம் அளவில் விளங்கிக்கொள்ளுதலும் கூடிய அவ்வவையைக் காட்டிலும் சிறந்த இலக்கணம் கதைநேரத்திற்கு இல்லை.

இவ்வாண்டுச் சுருத பஞ்சமியில் நூல்களுக்குச் சாத்திய சந்தனம் உலர்வதற்குள், அலமாரியின் திறவுகோலை அறக்கட்டளைப் பெரியோர் நூலகப் பொறுப்பாளரிடம் அளிப்பாராக. அடுத்த ஞாயிறு காலையில் பாய் விரிக்கப்படுமாக. அருகன் அறம் ஓங்குக.